நெவென்கா பிறந்தபோது சுடாத துப்பாக்கி

யெலின் தோ, மாண்டினீக்ரோ
9 அக்டோபர் 2016

மகனே நெவென்கா,

எல்லாம் நான் முன்னாலேயே சொன்னதுதான். மலைமேல் இருக்கிற துப்பாக்கிக்கெல்லாம் ஒருநாள் அரசாங்கம் கணக்குக் கேட்கும் என்று நான் சொன்னபோது கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. நீ போனை எடுக்க மாட்டாய், கடைசியில் நான் பேனாவைத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். உனக்குக் குழந்தை உண்டாகியிருக்கிற செய்தியை உன் புருஷன் எல்வியோ போனில் சொல்வதற்கு ஒரு வாரம் முன்பே, நம் பசு இடப்பக்கமாகப் படுத்ததைப் பார்த்து உன் சித்தியிடம் சொல்லிவிட்டேன். அவள் இல்லை என்பாள். அவளுக்கு ஞாபகம் குறைந்துகொண்டே வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பதியாத துப்பாக்கிகளை வருஷக் கடைசிக்குள் போலீசில் பதிந்துவிட்டால் தண்டனை இல்லை, கேள்வி இல்லை என்று ரேடியோவில் சொன்னார்கள். உங்கள் வீட்டு அடுப்புக்கு மேலே உன் அப்பா மாட்டி வைத்திருந்த பழைய மௌசர் ரைஃபிளை எடுத்து, சித்தியின் சிவப்புக் கம்பளத்தில் சுருட்டி, காலை பஸ்ஸில் டவுனுக்குக் கொண்டுபோனேன். கம்பளத்தின் மறுமுனையில் ஒரு புகைபோட்ட தொடைக்கறியையும் வைத்திருந்தேன், வெறுங்கையோடு போகக் கூடாதே. டிரைவர் எனக்கு சல்யூட் அடித்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் கல்யாண வீட்டுக் கூட்டம். விதோமிர் தன் தாத்தா துருக்கித் தளபதி பாஷா ஒருவனிடமிருந்து பிடுங்கியதாகச் சொல்லும் கைத்துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தான். அதன் பிடியில் பெல்ஜியத்தில் செய்தது என்று எழுதியிருக்கிறது. பெர்சா அக்கா புருஷனுடைய பிஸ்டலைப் பாலாடைக்கட்டி அடைப் பாத்திரத்தில், அடைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். "எங்க கிடைச்சுது?" என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "பரண்ல, வைக்கோலுக்கு அடியில." இந்தப் பள்ளத்தாக்கில் அவ்வளவு வைக்கோல் ஏது என்று தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் யார் தெரியுமா? தபால்காரன் வூகோவின் மகள் ஸ்லாவ்கா! பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவள். என் கம்பளத்தைப் பிரித்ததும் கத்தினாள்.

"யாகோஷ் மாமா! போன் பண்ணுங்க, நாங்களே வந்து எடுத்துக்கிறோம்னு ரேடியோல சொன்னாங்களே, கேக்கலையா? இதைத் தூக்கிக்கிட்டு பஸ்ல வந்தீங்களா?"

"நடந்து வந்தா கால் வலிக்கும், மகனே."

"இது போலீஸ் ஸ்டேஷனா, ஆட்டுச் சந்தையா? அந்தக் கறியை முதல்ல மேஜையிலேருந்து எடுங்க!"

உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷம்தான். பெரிய அதிகாரியே எழுந்து வந்து என்னை மூன்று தடவை முத்தமிட்டார்.

ஆனால் ஒரு சிக்கல். பழைய அனுமதி உன் அப்பா பேரில் இருந்தது, அவரோடு அதுவும் போய்விட்டது. அவருடைய வாரிசு நீ. உன் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காதாம். மூன்று வழி சொன்னாள். என் பேருக்கு மாற்றலாம், டாக்டர் சான்றிதழ் வேண்டும். அல்லது குழலை வெல்டிங்கால் பற்றவைத்து அடைத்து, சுட முடியாத நினைவுப் பொருளாகச் சுவரில் மாட்டலாம். அல்லது அவர்களிடமே கொடுத்துவிட்டால் ஆலைக்கு அனுப்பி உருக்கிவிடுவார்கள். இப்போதைக்குச் சோதனைக்காகத் துப்பாக்கி அவளிடம் இருக்கிறது.

என் பேருக்கு எழுதிக் கொடு. ஜனவரியில் உன் பிள்ளை பிறந்ததும் உங்கள் வீட்டு முற்றத்தில் நின்று நானே சுடுகிறேன். உன் அப்பா ராதோயேவின் ரத்தம் அற்றுப்போகவில்லை என்று பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கட்டும். ஆண் பிள்ளைதான், நான் பார்த்துவிட்டேன்.

உன் சித்தப்பா
யாகோஷ்

~

திரியெஸ்தே, இத்தாலி
21 அக்டோபர் 2016

சித்தப்பா,

நான் யாருக்கும் மகன் இல்லை. நம் ஊரில் பெண்களைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள், எனக்கும் தெரியும். பெண்ணிடம் பாசம் வந்தால் உடனே அவளை ஆணாக்கிவிட வேண்டியிருக்கிறது பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன்.

டாக்டர் பார்த்துவிட்டார். பெண் குழந்தை. பசுவிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகன் த்ராஷ்கோ பிறந்தபோது அப்பா அந்தத் துப்பாக்கியால் விடிய விடிய சுட்டதாகவும், கடைக்காரர் வீட்டுக் கண்ணாடி உடைந்ததாகவும் ஒவ்வொரு குடும்பப் புனிதர் நாளிலும் நீங்கள் சொல்லிக் கேட்டே வளர்ந்தேன். இரண்டு வருஷம் கழித்து நான் பிறந்தேன். ஒரு தோட்டாகூட இல்லை. கடையில் எண்ணெய் வாங்கப் போனால் கிழவிகள் சொல்வார்கள்: "நீ பொறந்ததே எங்களுக்குத் தெரியாதுடி, உங்க அம்மா உன்னைத் தூக்கிட்டுத் தண்ணிக்கு வந்தப்பதான் தெரியும்." சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அப்பா பக்கத்தில் நின்றிருந்தால்கூட வாயைத் திறக்க மாட்டார். எண்ணெய் புட்டியை வாங்கிக்கொண்டு நடப்பார்.

அவர் என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை. ஆனால் நான் பெண்ணாகப் பிறந்ததில் அவருக்கு வெட்கமா என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அவரை அடக்கம் செய்த அன்று நீங்கள் அதே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, மரியாதைக்குச் சுட, முற்றத்துக்கு வந்தீர்கள். எனக்காக ஒரு தடவைகூடத் திறக்காத அதன் வாய் அவருடைய சாவுக்கு மட்டும் எதற்குத் திறக்க வேண்டும்? அதனால்தான் பிடுங்கினேன், எல்லோர் முன்னாலும் கத்தினேன். நாலு வருஷமாக நாம் பேசாததற்கு வருத்தப்படுகிறேன். கத்தியதற்கு வருத்தப்படவில்லை.

உருக்கிவிடச் சொல்லி நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டு ஸ்லாவ்காவுக்கே நேராக அனுப்பிவிட்டேன்.

சித்தியின் முழங்கால் எப்படி இருக்கிறது?

நெவென்கா

~

யெலின் தோ
3 நவம்பர் 2016

நெவென்கா,

(மகனே என்று எழுதி அடித்திருக்கிறேன். கை பழகிப்போச்சு.)

உன் காகிதம் ஸ்லாவ்காவிடம் வந்துவிட்டது. மாசக் கடைசியில் ஆலைக்கு வண்டி போகிறது. அதற்குள் நீ இந்தக் கடிதத்தை முழுக்கப் படி, உட்கார்ந்து படி.

முதலில் என் டாக்டர் சோதனை. உன் காகிதம் வருமுன்னே போய்விட்டேன், வீண் என்று தெரியாது. காது பிரமாதம். இதயம் இருபது வயசுப் பையனுடையது என்று டாக்டர் வாய்விட்டே சொன்னார். கண் சோதனைக்கு எனக்கு முன்னால் விதோமிர் போனான். கடைசி வரி எழுத்துகளை அவனிடம் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டுதான் உள்ளே போனேன். கையைக் கட்டிக்கொண்டு மளமளவென்று சொன்னேன். கண் டாக்டரம்மா, "ரொம்ப நல்லா சொன்னீங்க பெரியவரே. ஆனா நான் இன்னும் அட்டையைத் தொங்கவிடலையே" என்றாள். அங்கே தொங்கியது காலண்டராம். அது போகட்டும்.

பிறகு ஸ்லாவ்கா கூப்பிட்டனுப்பினாள். சோதனை பண்ணுகிறவன் துப்பாக்கியின் பின்பக்கத்தைத் திறந்து, குழலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தான். மறுபடி பார்த்தான். "மேடம், வெளிச்சம் வரலை" என்றான்.

அவள் வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மாமா, இதைக் கடைசியா யார் சுட்டது?"

"நான் சுட இருந்தேன். அண்ணன் செத்த அன்னிக்கு. தோட்டாகூடப் போட்டாச்சு. அண்ணன் மகள் பிடுங்கிட்டா."

"அவ கைக்கு முத்தம் கொடுங்க. அன்னிக்கு விசையை அழுத்தியிருந்தா குழல் வெடிச்சு உங்க மூஞ்சி இருக்காது. உள்ள என்னமோ அடைச்சிருக்கு."

பெர்சா அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். சோதனை பண்ணுகிறவன் எண்ணெய் விட்டு, நீளக் கம்பியால் பின்னாலிருந்து மெல்லத் தள்ளினான். முனையில் ஒரு துணி எட்டிப் பார்த்தது. இழுக்க இழுக்க வந்தது. கறுத்து, எண்ணெய் குடித்து, எலி நிறத்தில். மேஜையில் விரித்தால் இரண்டு கைக்குட்டை அகலம். ஒரு ஓரத்தில் மட்டும் நீல நூலால் சுற்றிச் சுற்றித் தைத்த தையல் தெரிந்தது. சுத்தம் பண்ணும் துணிக்கு யார் நீல நூலில் ஓரம் தைப்பார்கள்?

"வேணும்னே அடைச்சிருக்காங்க. நல்லா இறுக்கி, ரெண்டு பக்கமும் மெழுகு வச்சு" என்றான் அவன்.

அப்போது எனக்கு எல்லாம் திரும்பி வந்தது. நீ எட்டு மாசத்தில் பிறந்தவள். ஒரு ரொட்டி அளவுதான் இருந்தாய். கம்பளிக்குள் வைத்து அடுப்புப் பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள். தேவதாருக் கட்டை படபடவென்று வெடித்தால்கூட அழுவாய், அழுதால் உதடு நீலமாகும். சுடுவதற்காக நான்தான் பிளம் சாராயத்தோடு வந்தேன். சுவரில் கையை நீட்டினேன். உன் அப்பா நடுவில் வந்து நின்று என்னிடம் சொன்னார்:

"வேண்டாம் யாகோஷ். சத்தத்துல என் மக முழிச்சிக்குவா. ஊருக்குத் தெரியலைன்னா பரவாயில்ல, எனக்குத் தெரியும் அவ வந்துட்டான்னு."

இப்படியே, இதே வார்த்தைகள். அதற்குப் பிறகு யாரும் எடுத்துச் சுட முடியாதபடி குழலை அடைத்துவிட்டார் போலிருக்கிறது, எனக்கே சொல்லாமல். நானாக இருந்தால் எடுத்துச் சுட்டிருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

வண்டியை நிறுத்தச் சொல்லி எழுது.

யாகோஷ்

~

திரியெஸ்தே
14 நவம்பர் 2016

சித்தப்பா,

உட்கார்ந்துதான் படித்தேன். எல்வியோ வந்து கடிதத்தைக் கையில் வாங்கினார், அவருக்கு ஒரு எழுத்துகூடப் புரியாது, ஆனாலும் முழுக்கப் பார்த்தார்.

அம்மா போன பிறகு அவளுடைய பெட்டியை இங்கே கொண்டுவந்தேன். அதில் ஒரு குழந்தைப் போர்வை இருக்கிறது. மஞ்சள் ஃபிளானல். மூன்று பக்கம் நீல நூலால் ஓரம் தைத்தது, நாலாவது பக்கம் கத்தரிக்கோலால் கோணலாக வெட்டியது. சின்ன வயசில் அம்மாவைக் கேட்டிருக்கிறேன், மிச்சம் எங்கே என்று. "உங்க அப்பாவைக் கேளு" என்பாள். அப்பாவைக் கேட்டால் தெரியுமே, அடுப்புக்கு மேலே பார்ப்பார், காது ஓரத்தைச் சொறிவார், ஆட்டைப் பார்க்கப் போய்விடுவார். நான் அவர் பதில் சொல்லவில்லை என்று நினைத்தேன். அடுப்புக்கு மேலே என்ன இருந்தது என்று இப்போதுதான் தோன்றுகிறது.

இந்தப் போர்வையைப் பற்றி உங்களுக்கு நான் சொன்னதே இல்லை. அதனால் துணியை நம்புகிறேன்.

ஆனால் சித்தப்பா, அப்பா அத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் சொன்னாரா? உங்களிடமா? ஒரு நாள் முழுக்க அவர் பேசுவதைச் சேர்த்தாலும் அவ்வளவு வராதே. "எனக்குத் தெரியும் அவ வந்துட்டான்னு." இதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. சித்தியின் தலைமேல் சத்தியமாகச் சொல்லுங்கள், சொன்னாரா?

ஸ்லாவ்காவோடு போனில் பேசிவிட்டேன். முதல் காகிதத்தைக் கிழித்துவிட்டாள். குழலைப் பற்றவைத்து அடைக்கச் சொல்லிப் புதிதாக அனுப்பியிருக்கிறேன். உங்கள் பேருக்கு மாற்றவில்லை, மன்னியுங்கள். காலண்டரைப் படிக்கிறவர் கையில் துப்பாக்கி வேண்டாம். என் பேரிலேயே இருக்கட்டும், பழைய இடத்திலேயே மாட்டுங்கள்.

துணியை எனக்கு அனுப்புங்கள். துவைக்காமல்.

நெவென்கா

~

யெலின் தோ
29 நவம்பர் 2016

நெவென்கா,

துணி இந்த உறைக்குள்ளே இருக்கிறது. உன் சித்தி சோப்போடு வந்தாள், நான் உயிரைக் கொடுத்துத் தடுத்தேன்.

நேற்று பட்டறையில் குழலை அடைத்தார்கள். நானும் ஸ்லாவ்காவும் பக்கத்திலேயே நின்றோம். பொறி பறந்தபோது தொப்பியைக் கழற்றினேன். அவள் என்னைப் பார்த்தாள், கேலி பண்ணப்போகிறாள் என்று நினைத்தேன், அவளும் கழற்றினாள். பிறகு ஒரு காகிதம் கொடுத்தாள், நினைவுப் பொருள், உடைமையாளர் நெவென்கா ராதோயேவின் மகள் என்று முத்திரையோடு. அதைக் கடையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். துணிக் கதையையும் சொன்னேன். அந்தக் கிழவிகளில் இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். ஒருத்தி எண்ணெய் புட்டியை வாங்க மறந்து வெளியே நடந்தாள். இன்னொருத்தி, "ராதோயே எப்பவும் ஊமைக் கழுதை, கடவுள் அவனை நல்லா வச்சிருக்கட்டும்" என்றாள்.

துப்பாக்கி அடுப்புக்கு மேலே இருக்கிறது. பஸ் டிரைவர் இந்தத் தடவையும் சல்யூட் அடித்தான்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத நினைத்தேன், தபால் வண்டி கீழே ஹாரன் அடிக்கிறது.

யாகோஷ்

~

திரியெஸ்தே
16 ஜனவரி 2017

சித்தப்பா,

எல்வியோ போனில் சொல்லியிருப்பார். அவருடைய மாண்டினீக்ரோ பாஷையில் என்ன புரிந்ததோ. குழந்தை சுகம். நானும் சுகம். பேர் ராதொய்கா. அப்பாவின் பேர்தான், பெண்ணுக்கு ஏற்றமாதிரி. முகத்தில் இப்போதைக்கு யார் சாயலும் இல்லை, முன்கோபம் மட்டும் உங்களுடையது.

இரண்டு துண்டையும் நானே சேர்த்துத் தைத்தேன். பொருந்தியது. ஒரு பாதி மஞ்சள், ஒரு பாதி எலி. ஆஸ்பத்திரி நர்ஸ் தொட மறுத்தாள்.

இன்னொன்று. கதவைச் சாத்தினாலே இவள் இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப்போட்டு முழித்துக்கொள்கிறாள். நேற்று தபால்காரர் வெகுநேரம் வாசலில் நின்று, கடைசியில் தட்டினார். மணி அடிக்கவில்லையாம். போய்ப் பார்த்தால், மணிக்குள்ளே எல்வியோவின் காலுறை அடைத்திருக்கிறது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன், தபால்காரர் பயந்துவிட்டார்.

அதனால் சித்தப்பா, அப்பா அதைச் சொன்னாரா இல்லையா என்று இப்போது எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனாலும் கேட்கிறேன். நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை.

ஈஸ்டருக்கு வருகிறோம். முற்றத்தில் பனி இருந்தால் அள்ளி ஒதுக்கி வையுங்கள்.

நெவென்கா

~

யெலின் தோ
27 ஜனவரி 2017

மகளே நெவென்கா,

இந்தத் தடவை அடிக்காமல் எழுதியிருக்கிறேன், பார்.

எல்வியோ போன் பண்ணியதும் உங்கள் முற்றத்துக்கு ஏறினேன். சுட ஒன்றும் இல்லை. அதனால் பாறைமேல் நின்று என் வாயாலேயே கத்தினேன். "ராதோயேவுக்குப் பேத்தி பொறந்திருக்கா! ராதொய்கா வந்துட்டா!" மூன்று மலைக்கு அப்பால் ஆடுகள் திரும்பிப் பார்த்தன. கீழே விதோமிர் வெளியே ஓடிவந்து, "யாருடா செத்தது?" என்றான். பெர்சா அக்கா தன் வாசலிலிருந்து திருப்பிக் கத்தினாள். பிறகு கடையிலிருந்து யாரோ, பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ. பேர் வீடு வீடாகக் கீழே இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. துப்பாக்கிச் சத்தத்துக்கு யாருடைய பேரும் கிடையாது, ஆனால் பேத்தியின் பேரைப் பள்ளத்தாக்கே சேர்ந்து சொன்னது. இப்படித்தான் நடக்கும் என்று எனக்கு முன்னாலேயே தெரியும்.

எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. சித்தி சாராயத்தில் மிளகு போட்டுக் கொடுத்தாள். அவள் முழங்கால் பரவாயில்லை, நீ கேட்டதை மறந்துவிட்டேன். பனியை அள்ளி ஒதுக்கிவைக்கிறேன். எல்வியோவுக்குப் புகைபோட்ட தொடைக்கறி எடுத்து வைத்திருக்கிறேன். ஸ்லாவ்காவுக்குக் கொண்டுபோனதுதான், லஞ்சம் ஆகிவிடும் என்று கடைசிவரை வாங்கவில்லை.

சித்தியின் தலைமேல் சத்தியம் கேட்டாய். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், தலையைக் காட்டிக்கொண்டு.

துணி நிஜம். மெழுகு நிஜம். நீ ரொட்டி அளவு இருந்ததும், உதடு நீலமானதும் நிஜம். நான் சாராயத்தோடு வந்தேன், சுவரில் கை நீட்டினேன், உன் அப்பா நடுவில் வந்து நின்றார், எல்லாம் நிஜம். அவர் சொன்னதாக எழுதினேனே, அது மட்டும் என் கை வேலை. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, நெவென்கா. உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உதட்டின்மேல் ஒரு விரலை வைத்தார்.

யாகோஷ்